மாசிலாமணி நரியின் புலி அளவுப் பூட்டு

இதில் ஒரு சொல் பொய் என்றாலும் எனக்கு மிச்சமிருக்கும் நாலு பல்லும் இந்த நிமிஷமே உதிரட்டும். அத்தனையும் நடந்தது, சத்தியம்.

ஒரு காட்டில் மாசிலாமணி என்று ஒரு நரி இருந்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மூன்று பொந்துகளில் அவனுக்குப் போக்குவரத்து. விஷயம் தெரிந்ததும் பெண்டாட்டி குயிலம்மாள் அவனை வெளியே தள்ளிவிட்டு வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டாள்.

“மழைக்கு முன்னால உள்ளே வரணும்னா கற்புப் பூட்டு மாட்டிக்கிட்டு வாங்க. சாவி என்கிட்ட இருக்கும். இல்லேன்னா நனைஞ்சு சாவுங்க.”

ஆண்களுக்குக் கற்புப் பூட்டு அடிக்கும் பட்டறை அந்தக் காட்டில் ஒன்றுதான். அதை நடத்தியது உடம்பெல்லாம் செதில் மூடிய எறும்புத்தின்னி, பொன்னுரங்கம். அவர் கூச்ச சுபாவி. அதனால் இடுப்புக்குக் கீழ் அளவை ஆண்களே படிவத்தில் எழுதிக் கொடுப்பது வழக்கம். விளைவைச் சொல்ல வேண்டுமா? எலி எழுதிய அளவுக்கு யானையையே பூட்டலாம்.

மாசிலாமணி புலி அளவை எழுதினான். பூட்டு வந்தது. நடந்தால் இடித்தது, உட்கார்ந்தால் உறுத்தியது, வீட்டு வாசலில் குயிலம்மாள் காலடியிலேயே தொப்பென்று விழுந்தது. அவள் பூட்டை ஆற்றுப் பக்கம் எட்டி உதைத்தாள்.

மறுபடி பட்டறை, மறுபடி வரிசை. பொன்னுரங்கம் பழைய படிவத்தைப் பிரித்தார்.

“நீயே எழுதினதுதானே தம்பி? இது புலி அளவாச்சே.”

பின்னால் நின்ற முயலும் கீரியும் காதை நிமிர்த்தினார்கள்.

“அளவெல்லாம் சரிதான் அண்ணே. உங்க இரும்புலதான் கோளாறு.”

“இந்தத் திருத்தப் படிவத்துல நிஜ அளவை எழுது. நாளைக்கே கச்சிதமா அடிச்சுத் தர்றேன். உறுத்தாது, உருவாது.”

மாசிலாமணி கரித்துண்டைக் கையில் எடுத்தான். மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு எண்ணை எழுதினால் வீடு. கீரி கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தான்.

கரித்துண்டைக் கீழே வைத்துவிட்டான். “உள்ளே பஞ்சு வையுங்க.”

“எனக்கும் பஞ்சு,” என்றான் முயல்.

“எனக்கு ரெண்டு பங்கு,” என்றான் கீரி.

குட்டை தூர்வார வாருங்கள் என்றால் ஆளுக்கொரு வயிற்றுவலி சொல்லும் ஆண்கள், பூட்டுச் சௌகரியக் குழு என்றதும் ஏழு நாள் கூடி உட்கார்ந்தார்கள். இலவம் பஞ்சு மெத்தை, காற்றுப் போக ஓட்டை, முதுகைச் சுற்றி வார், வாருக்கு இரண்டு தாழ்ப்பாள் என்று தீர்மானங்கள் குவிந்தன. அளவைக் குறைக்கலாம் என்று ஒரு வாயும் திறக்கவில்லை. பாதுகாப்பும் பூரணம், சௌகரியமும் பூரணம். மாசிலாமணியின் பூட்டு பரங்கிக்காய் பருமன் ஆனது. அதை எல்லோரும் பார்க்கும்படி ஊரைச் சுற்றித்தான் வீட்டுக்கு நடந்தான்.

முதல் தூறல் விழுந்தபோது வந்து சேர்ந்தான். குயிலம்மாள் இழுத்துப் பார்த்தாள், திருகிப் பார்த்தாள். அசையவில்லை. சாவியை வாங்கிக்கொண்டாள்.

“சரி, உள்ளே வாங்க.”

தலை நுழைந்தது. முன்னங்கால் நுழைந்தது. பூட்டு வாசலில் சிக்கிக்கொண்டது.

“திறந்து விடறேன், கழட்டி வச்சிட்டு வாங்க.”

எதிர் மரத்தடியில் மழைக்கு ஒதுங்கி முயலும் கீரியும் நின்றார்கள். மாசிலாமணி பின்வாங்கினான்.

“இங்கேயா? எல்லாரும் பாக்கறாங்க குயிலு.”

“பாக்கட்டும். பார்த்து முடிக்க அவங்களுக்கு ரொம்ப நேரம் ஆகாது.”

மாசிலாமணி நெஞ்சை நிமிர்த்தினான். “கற்புன்னா கற்புதான். கழட்ட மாட்டேன்.”

மூன்று நாள் மழை. பஞ்சு ஊறி, பூட்டு இன்னும் பெருத்தது. பார்த்தவர்கள் வியந்தார்கள். நாலாம் நாள் குயிலம்மாள், அந்த வழியே நனைந்துகொண்டு போன சடையன் என்ற சொறிபிடித்த கிழநரியைக் கூப்பிட்டு உள்ளே படுக்கச் சொன்னாள். அவன் எந்தப் படிவமும் எழுதவில்லை.

நீதி: ஆண்பிள்ளையைப் பூட்டி வைக்க இரும்பு வேண்டாம், அளவை அவனையே எழுதச் சொன்னால் போதும்.

கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்ன வாய் எது என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். கீரியும் முயலும் இன்னும் அதே பூட்டோடுதான் என் தெருவில் நடக்கிறார்கள்.