மாப்பிள்ளை மனையும் நான் போட்ட வேலியும்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை நவநீதன் அவர்களுக்கு,

திருவெறும்பூரிலிருந்து உங்கள் மாமனார் தர்மராஜ் எழுதும் மடல். இங்கே நானும் உங்கள் அத்தை செல்லக்கிளியும் சுகம். தோஹாவில் நீங்களும் சுபஸ்ரீயும் சௌக்கியமாக இருக்க சமயபுரத்தாள் துணை நிற்கட்டும். வாட்ஸ்அப் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். அதில் எழுதினால் அடுத்த நிமிடமே போன் அடிப்பீர்கள், எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் நாளை தோஹாவுக்குப் புறப்படும் ஸ்ரீரங்கத்து நல்லதம்பி கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் நண்பர்கள் திருச்சிப் பக்கம் முதன்முதலாக மனை வாங்கப் போகிறார்கள், அனுபவஸ்தராச்சே, ஆலோசனை எழுதுங்கள் மாமா என்று கேட்டிருந்தீர்கள். எழுதுகிறேன். வேன் வைத்துக் கூட்டிப்போய், மனையைக் காட்டி, பிரியாணி போடுவார்கள்; அதே மனையை வயிறு காலியாக இருக்கும்போது இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். ஐப்பசி மழையில் போகச் சொல்லுங்கள், சித்திரையில் எல்லா மனையும் மேடுதான். முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்று எடுக்கணும், தாய்ப்பத்திரத்தை வக்கீலிடம் காட்டணும், பட்டா யார் பேரில் என்று பார்க்கணும். பத்திரம் பதிந்த பிறகும் சர்வேயரை வைத்து அளந்து நாலு மூலையிலும் கல் நடணும். இந்தக் கடைசி விஷயத்தை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, இருங்க மாப்பிள்ளை, தண்ணி குடிச்சுட்டு வரேன்.

தஞ்சாவூர் ரோட்டில் நீங்க ஏழு வருஷம் வெயில்ல உழைச்சு வாங்கின மனைக்கு வேலியும் போர்வெல்லும் போடச் சொன்னீங்கல்ல? போட்டேன். நம்பர் கல் ஒண்ணையும் காணோம், புரோக்கர் கை காட்டின இடத்துல போட்டேன். தண்ணி பீச்சிக்கிட்டு வந்துச்சு, நீங்ககூட வீடியோவைப் பார்த்துட்டு கை தட்டுற எமோஜி அனுப்பினீங்க. போன செவ்வாய்க்கிழமை பாலக்கரை அப்துல் அஹத் பாய்னு ஒருத்தர், சவூதியிலிருந்து லீவுல வந்தவர், வேலிக்கு வெளியே நின்னு, "சார், இது என் மனையாச்சே"ங்கிறார். மனை வரைபடத்தை அவர் கார் மேலயே விரிச்சுப் பார்த்தோம். அவர் சொன்னது சரிதான், நம்மளுது நேர் எதிர்வரிசை, முள்ளுக்காடாக் கிடக்கு! பாய் சண்டைக்கு வந்திருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "யார் பெத்த புள்ளையோ, எனக்குப் போர் போட்டு வெச்சிருக்கீங்களே"ன்னு கண் கலங்குறார். உங்க அத்தை, "மாப்பிள்ளை காசுல ஊராருக்குத் தண்ணி எடுத்துக் கொடுத்திருக்கீங்களே, நாளைக்கு அவர் சுபஸ்ரீயை ஒரு வார்த்தை சொன்னா நான் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெச்சுக்குவேன்?"னு கேட்டவதான், அன்னைலேர்ந்து என்கிட்ட பேச்சே இல்லை. வேலியையாவது மீட்போம்னு நேத்து ஆள் விட்டுக் கம்பத்தையெல்லாம் பிடுங்கி எதிர்வரிசையில நட்டாச்சு. போரைப் பிடுங்க முடியுமா? மோட்டார் ரூம் சாவியைப் பாய் கையிலயே கொடுத்துட்டேன்.

என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க மாப்பிள்ளை, பொண்ணை மட்டும் ஒண்ணும் சொல்லிடாதீங்க.

நீங்கள் இருவரும் குறைவில்லாமல், நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ்க.

தலை நிமிர முடியாத மாமனார்,
தர்மராஜ்

பின்குறிப்பு: ஒட்டின உறையைப் பிரிச்சு இதை எழுதுறேன். இன்னைக்கு முதல்முறையா மனையைப் பார்க்கப் போன பாயோட வீட்டம்மா வஹீதா, மதியத் தொழுகைக்குத் போன்ல திசை பார்க்கிற ஆப்பைத் திறந்தாங்களாம். மேற்கு எதுன்னு தெரிஞ்சதும் வரைபடத்தைப் பார்த்துட்டு, "வடக்கைப் பார்த்து விரிக்க வேண்டியதை ரெண்டு பேரும் தெற்கைப் பார்த்து விரிச்சிருக்கீங்க"ன்னு சொல்லிட்டாங்க. ஆக, எங்க கணக்குல வரிசையே மாறிப்போச்சு, போர் போட்ட மனை நம்மளுதுதான்! வேலிதான் இப்ப பாய் மனையைச் சுத்தி ஜம்முனு நிக்குது. பாவம், சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்த மனுஷன் முகம் அப்படி வாடியிருந்துச்சு. மனசு கேட்கலை, "வேலி இருக்கட்டும் பாய்"னு சொல்லிட்டேன். உங்க அத்தைக்கு இன்னும் தெரியாது. லீவுக்கு வரும்போது மனையை நீங்களே போய்ப் பார்த்துக்கோங்க மாப்பிள்ளை, என்னைக் கூட்டிட்டுப் போகாதீங்க.