ஆறு ரோல் பஞ்சும் ஒரு தொட்டிலும்

எல்லாவற்றையும் குறித்து வைப்பவன் எதையும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. படித்திருந்தால் அதையும் குறித்து வைத்துவிட்டு மறந்திருப்பேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய அந்த மனிதரை (நான்தான், வேறு யார்) இன்று எம்ஆர்டி ரயிலில் எதிரே பார்த்தால் எழுந்து அடுத்த பெட்டிக்குப் போய்விடுவேன். சட்டைப்பையில் எப்போதும் ஒரு நோட்டு. பல்பு மாற்றியது, தலைவலி வந்தது, மழை விட்டது, எல்லாவற்றுக்கும் கிழமையும் மணியும் உண்டு. பேரரசர்களுக்குக்கூட இவ்வளவு விவரமாக யாரும் எழுதி வைத்ததில்லை.

அப்போது என் மைத்துனி மாலாவுக்கு நிறைமாதம். என் மனைவி சாந்தி, தங்கையின் பிள்ளைக்காக ஐந்து மாதமாகக் கையாலேயே ஒரு குயில்ட், அதாவது ஒட்டுத்துணியில் பஞ்சு வைத்த போர்வை, தைத்துக்கொண்டிருந்தாள். மேல்துணி முழுக்க, காலமாகிவிட்ட அவர்கள் அம்மாவின் நூல் சேலைகளை வெட்டிச் சேர்த்த கட்டங்கள். இனி அந்தச் சேலைகளில் மிச்சம் கிடையாது. நடுவில் வைத்துத் தைக்கும் பஞ்சு விரிப்பு மட்டும்தான் பாக்கி.

"நாலு மீட்டர் போதும்ங்க. நாலு," என்று விரலையும் காட்டித்தான் அனுப்பினாள்.

ஃபேரர் பார்க் பக்கம் ஒரு துணிக்கடையில், "ரோலா எடுத்தா சல்லிசு சார்," என்றார்கள். அந்த ஒரு சொல் போதும், எனக்குள் இருக்கும் மொத்த வியாபாரி விழித்துக்கொள்வார். ஆறு ரோல் வாங்கினேன். ஒவ்வொன்றும் நான் கட்டிப்பிடித்தால் கை எட்டாத பருமன். புக்கிட் மேராவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே இறக்கிய லாரிக்காரர், "அண்ணே, ஹோட்டல் திறக்கப் போறீங்களா?" என்றார். வீட்டுக்குள் சாந்தி கேட்டது அதைவிடக் கூர்மை.

"மாலா எத்தன பிள்ள பெறப்போறான்னு நெனச்சீங்க?"

பஞ்சு கெடாது, விலைதான் ஏறும் என்று விளக்கினேன். (யார் கேட்டார்கள்?) ஆறையும் வீட்டிலிருக்கும் பாம் ஷெல்டருக்குள், அதாவது குண்டு விழுந்தால் பதுங்கும் அறைக்குள், திணித்தேன். இரும்புக் கதவும் தடித்த சுவரும் கொண்ட அந்த அறையில் மற்றவர்கள் அரிசியும் பெட்டியும் வைப்பார்கள். எங்கள் வீட்டில், போர் வந்தால் நாங்கள் பஞ்சுக்கு இடம் விட்டு வெளியே நிற்க வேண்டும்.

அத்தோடு விட்டேனா? அருங்காட்சியகங்களில் பழந்துணிகளை எப்படிக் காக்கிறார்கள் என்று நூலகத்திலிருந்து மூன்று புத்தகங்கள் எடுத்துவந்து படித்தேன். ஒவ்வொரு ரோலிலும் எண்ணும் வந்த நாளும் எழுதிய அட்டை தொங்கியது. முதலில் வந்தது முதலில் போக வேண்டுமாம். ஆறும் ஒரே லாரியில் வந்தவை.

பிறகு, ஒவ்வொரு ரோலின் நடுக்குழாயிலும் ஒரு துணி முடிச்சில் அந்துருண்டைகளைக் கட்டி வைத்தேன். சாந்தியிடம் சொல்லவில்லை, நிர்வாக ரகசியம். அந்துப்பூச்சி கம்பளியையும் பட்டையும்தான் தின்னும், பருத்திப் பஞ்சைச் சீண்டாது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அதே மூன்று புத்தகங்களில் ஒன்றில், நான் பாதியில் நிறுத்திய அத்தியாயத்தில் இருந்தது.

பையன் பிறந்தான். இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்யும் இரத்தப் பரிசோதனையில் அவனுக்கு ஒரு நொதிக் குறைபாடு என்று தெரிந்தது. பயப்பட வேண்டாம், ஆனால் சிலவற்றைக் கிட்டே விடக்கூடாது, பட்டால் இரத்த அணுக்கள் உடையும் என்று தாதி ஒரு பட்டியல் கொடுத்தார். சாந்தி மருத்துவமனையிலிருந்து போன் செய்து அதை வாசித்தாள்.

"எழுதிக்கிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

"படிங்க."

படித்தேன். சில மாத்திரைகள், சில வகை மொச்சை, அந்துருண்டை. ஒரு பிழையில்லை. சிவப்பு மையில் இரண்டு கோடும் இழுத்திருந்தேன்.

மூன்றாம் நாள் மாலை, அந்துருண்டைப் பாக்கெட்டில் அச்சிட்டிருந்தபடி மாதாந்திரக் கடமையாக, ஆறு ரோல்களிலும் பழைய உருண்டைகளை எடுத்துவிட்டுப் புதிது வைத்தேன். நோட்டில் பிள்ளை ஒரு பக்கத்தில், உருண்டை அடுத்த பக்கத்தில். இரண்டு பக்கங்களைச் சேர்த்துப் படிக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

சாந்திக்கு நானே நாலு மீட்டர் வெட்டிக் கொடுத்தேன். அந்த மாதம் முழுக்க அவளுக்கு மூக்கடைப்பு. (ஏன் என்று யோசிக்க எனக்கு நேரமில்லை, அட்டை எழுதிக்கொண்டிருந்தேன்.) ஒருநாள் மட்டும், "லேசா என்னமோ வாட வருதே," என்றாள்.

"புதுப் பஞ்சு. அப்படித்தான்லா இருக்கும்."

முப்பதாம் நாள், காத்தோங்கில் மாலாவின் வீட்டில் தொட்டில் போடும் சடங்கு. காலையில் கோயிலுக்குப் போய் வந்தாயிற்று. கூடம் நிறைய ஆட்கள். திருச்சியிலிருந்து மாலாவின் மாமியார் வந்திருந்தார். மாலா பிள்ளையை ஒரு கையில் அணைத்தபடி குயில்ட்டைப் பிரித்தாள். அம்மாவின் சேலைக் கட்டங்களைப் பார்த்ததும் கண் கலங்கி, அம்மா வாசம் இருக்கிறதா என்று முகத்தை அதில் புதைத்தாள்.

அப்படியே நிமிர்ந்தாள். பிள்ளையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"அக்கா, இதுல என்ன வாட?"

ஒரு முட்டாள் இந்த இடத்திலாவது வாயை மூடிக்கொண்டிருப்பான். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வெப்பநாடுகளில் பஞ்சைப் பாதுகாக்கும் முறைகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். இரண்டாவது வாக்கியத்தில் அந்துருண்டை வந்துவிட்டது.

"அட, பாச்சா உருண்டைதானே தம்பி," என்றார் திருச்சி மாமியார் ஆதரவாக. "என் பட்டுப்பொடவையெல்லாம் அதுலதான் கெடக்கு." இந்த உலகத்தில் என் பக்கம் நின்ற ஒரே ஆள்.

மாலா பிள்ளையோடு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சாந்தி என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"நோட்டக் குடுங்க."

கொடுத்தேன். கூடம் முழுக்கக் கேட்கும்படி, நிதானமாகப் படித்தாள். "செவ்வாய், காலை பதினொன்று பத்து. அந்துருண்டை கூடாது. ரெண்டு கோடு." பக்கத்தைத் திருப்பினாள். "வெள்ளி, மாலை ஐந்தரை. ரோல் ஒன்று முதல் ஆறு வரை உருண்டைகள் மாற்றப்பட்டன. பணி நிறைவு."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

பிள்ளை அந்தத் துணியில் படுக்கவேயில்லை. மறுநாள் மருத்துவமனையில் இரத்தம் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்ற பிறகுதான் சாந்தி சாப்பிட்டாள். குயில்ட்டை எத்தனை முறை துவைத்தாலும் பிள்ளையின் அருகே வேண்டாம் என்று தாதி சொல்லிவிட்டார். அம்மாவின் சேலை அந்தத் தொட்டிலுக்குப் போகாமலே போயிற்று. அடுத்த வாரம் சாந்தி கடைத்துணியில் இன்னொன்று ஆரம்பித்தாள். பஞ்சு அவளே வாங்கினாள். நாலு மீட்டர், மடியில் வைத்து எம்ஆர்டியில் கொண்டுவந்தாள். நான் தூக்கவா என்றதற்கு, "தொடாதீங்க," என்றாள். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் நான் பிள்ளையைத் தூக்க வேண்டுமானால், மாலா முதலில் என் கையை முகர்ந்து பார்ப்பாள். ஆரம்பத்தில் அது பயம். பிறகு வழக்கம். இப்போது அவனுக்கு மூன்று வயது, பொறுப்பை அவனே ஏற்றுக்கொண்டுவிட்டான். போன ஞாயிற்றுக்கிழமை என்னோடு வந்த அலுவலக நண்பர் முன்னால் வாசலில் நிறுத்தி, "பெரிப்பா, கை," என்றான். இரண்டையும் நீட்டினேன். நெற்றியைச் சுருக்கி, மூச்சை இழுத்து, நன்றாக யோசித்துவிட்டுச் சொன்னான்:

"இன்னிக்கு ஓகேலா. அந்த அங்கிள் உள்ள வரட்டும். நீங்க கை கழுவிட்டு வாங்க."