பங்களாவுக்குப் போட்ட காவல்

விக்டோரியா ஏரிக்கரையில் இருக்கிறது எங்கள் ஊர். ஊர்ப் பூங்காவுக்குள் நூறு வருஷத்துப் பங்களா ஒன்று. வெள்ளைக்காரத் துரை ஒருத்தர் குடியிருந்தது. தேக்குக் கதவு, தகரக் கூரை, சுற்றிலும் வராந்தா. ஒரு திங்கட்கிழமை அந்த வராந்தாவில் ஓர் ஆடு படுத்து அசைபோட்டதை நகராட்சிப் பாதுகாப்பு மேம்பாட்டு அதிகாரி மகோகா கண்ணாரக் கண்டுவிட்டார். "வரலாற்றுச் சின்னத்துக்குப் பேராபத்து" என்று அன்றைக்கே கோப்பு திறந்தார்கள்.

மூன்று மாதத்தில் பந்தல் போட்டு, பாதிரியார் ஜெபம் பண்ணி, மரக்கன்று நட்டு, பூங்கா வாசலில் ஓர் இரும்புக் கேட்டைத் திறந்து வைத்தார்கள். திறந்த கையோடு மூடியும் விட்டார்கள். காவலுக்கு ஒபியெரோ. அவனுக்குக் கொடுத்தது பெரிய நோட்டு ஒன்று, அதில் நூலால் கட்டிய பேனா, பிறகு நீளக் கம்பி நுனியில் ஒரு கண்ணாடி. எந்த வண்டி வந்தாலும் போனாலும் அடியில் கண்ணாடியை விட்டு குண்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வருகிறவரின் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, பேர், போன் நம்பர், வந்த காரியம் எழுத வைக்க வேண்டும். காரியம் தெளிவாக இருந்தால் உள்ளே விடலாம். தெளிவில்லாதவர் சந்தேகத்துக்கு உரியவர். சுற்றறிக்கை அப்படித்தான் சொன்னது.

முதலில் மாட்டியது நசிமியு அக்கா. பதினெட்டு வருஷமாக அந்தப் பங்களாப் படியில் டீ விற்று, மந்தாசி என்கிற இனிப்பு போண்டா பொரித்து, மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். எவனாவது ஜன்னலைத் தொட்டால் எண்ணெய்க் கரண்டி பறந்து வரும்.

"வந்த காரியம் என்னக்கா?"

"நேத்து வரைக்கும் ஓசி டீ குடிச்சவன் கேக்குற கேள்வியாடா இது? உக்காந்து டீ விக்க!"

"உக்கார்றதெல்லாம் எழுத முடியாதுக்கா. உக்கார்றவங்கதான் நோட்டம் விடுவாங்களாம்."

"நான் இல்லாட்டி பங்களாவை யாருடா பாத்துக்குவா?"

"பாக்கவும் கூடாதாம்."

அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, எதிரே என் சைக்கிள் ரிப்பேர் கடை ஓரத்தில் போட்டார். புழுதிக்குள் யார் டீ குடிக்க வருவார்கள்? பாதி மந்தாசி மிஞ்சியது. பாவம், கடைசிப் பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் முடிய இன்னும் ஒரு வருஷம் இருந்தது. 

அடுத்த செவ்வாய்க்கிழமை இரண்டு பேர் தள்ளுவண்டியோடு வந்தார்கள். வந்த காரியம்: தேக்குக் கதவைக் கழற்றி எடுத்துப்போக. இதைவிடத் தெளிவாக எவனும் எழுத முடியாது. ஒபியெரோ உள்ளே விட்டான். திரும்பும்போது வண்டி மேல் கதவு இருந்தது. ஒபியெரோ குனிந்து, வண்டிக்கு அடியில் கண்ணாடியை விட்டு நாலு மூலையும் பார்த்தான். "கீழே ஒண்ணுமில்லை, போங்க" என்றான்.

"அடப்பாவி, திருடன்டா!" என்று அக்கா கரண்டியோடு ஓடினார்.

"கத்தாதீங்கக்கா. புகாரை உள்ளே ஆபீஸ்லதான் குடுக்கணும்."

"அப்ப உள்ளே விடு!"

"யார் மேல புகார்?"

"உன் மேலடா!"

ஒபியெரோ யோசித்தான். "காரியம் தெளிவாத்தான் இருக்கு. ஆனா அதை நானே எப்படிக்கா அனுமதிக்கிறது?"

விஷயம் ஊருக்குப் புரிந்துபோயிற்று. ஜன்னல்கள் போயின. தரைப்பலகை, தகரம், செங்கல் எல்லாம் பட்டப்பகலில், வரிசையில் நின்று, கையெழுத்துப் போட்டுப் போயின.

தலைநகரத்திலிருந்து ஆய்வுக்கு மேலதிகாரி வந்த அன்று, உள்ளே மரக்கன்று மட்டும் செழிப்பாக இருந்தது. ஊரே கேட் முன்னால் கூடியிருந்தது.

"ஐயா, காவல் போட்டதுக்கு அப்புறம் பேர் எழுதாம ஒரு செங்கல்கூட வெளியே போகலை" என்றார் மகோகா.

மேலதிகாரி நெகிழ்ந்துவிட்டார். "பிரமாதம். சந்தேகப்படும்படி யாராவது?"

மகோகா நோட்டைப் புரட்டினார். "ஊர்ல எல்லார் பேரும் இருக்கு ஐயா. பதினெட்டு வருஷமா இங்கேயே இருந்துட்டு ஒரு கையெழுத்துகூடப் போடாதது அந்தப் பொம்பளை மட்டும்தான்."

மத்தியானத்துக்குள் தெருவோரத்தையும் காலி பண்ணச் சொல்லி உத்தரவாயிற்று. அக்கா எங்களைப் பார்த்தார். பாதிரியார் வானத்தைப் பார்த்தார். ஜெபக்கூடத்து ஜன்னல்கள் புதுசு. தலைமையாசிரியர் ஷூ நாடாவைக் கட்டினார். நான் பஞ்சர் இல்லாத சக்கரத்தில் பஞ்சர் தேடினேன். மூன்றாம் பக்கம், ஐந்தாம் வரி, என் கையெழுத்து: கோழிக்கூட்டுக்கு இரண்டு தகரம்.

அக்கா ஒரு தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு ஒபியெரோவிடம் போனார். "நோட்டைக் குடுடா."

அடையாள அட்டையைக் கொடுத்தார். பேர் எழுதினார், போன் நம்பர் எழுதினார். வந்த காரியம்: இந்தக் கேட்டைக் கழற்றி, அதை மேசையாகப் போட்டு, பழைய இடத்தில் டீ விற்க.

ஒபியெரோ இரண்டு தடவை படித்தான். தெளிவாகத்தான் இருந்தது. கேட்டின் ஒரு பக்கத்தை அவனே பிடித்துக் கொடுத்தான். பிறகு குனிந்து வண்டிக்கு அடியில் கண்ணாடியை விட்டுப் பார்த்தான்.

"கீழே ஒண்ணுமில்லை, போங்கக்கா."

நிறுத்தச் சொல்ல யாருக்கு யோக்கியதை? எல்லார் கையெழுத்தும் அதே நோட்டில். இப்போது தினமும் அங்கேதான் டீ குடிக்கிறோம். கையெழுத்துப் போட்ட எங்களிடம் மட்டும் அக்கா இரட்டை விலை வாங்குகிறார், மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுகிறோம். என் கோழிகள் நனையாமல் இருக்கின்றன.