பேஸ்ட் அண்ணாச்சியின் உள்ளங்கை

சிவகாசி வட்டாரத்தில் பட்டாசு சுட்டு அவதிப்பட்டவர்களைவிட, பேஸ்ட் அண்ணாச்சியின் வைத்தியத்தால் அவதிப்பட்டவர்களே அதிகம் என்று எந்தக் கோயில் வாசலிலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீசில் நான் டைப்பிஸ்ட் பெண்ணாக ஆர்டர்களை அடித்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி அங்கே போர்மேன். வெடிமருந்து கலக்கும் அறை, எங்கள் பேச்சில் மருந்து ரூம், அவர் பொறுப்பு. அந்த வேலையில் அவர் கெட்டிக்காரர் என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு இன்றும் மனசில்லை. ஆனாலும் ஒப்புக்கொள்கிறேன். செருப்புக் காலோடு உள்ளே வந்தால் முதலாளியையே வெளியே நிறுத்துவார். அவ்வளவு விவரமான மனிதருக்கு, ஒரு கொப்புளத்தைக் கண்டால் மட்டும் புத்தி எங்கேயோ போய்விடும்.

அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பல் விளக்கும் பேஸ்ட் இருக்கும். வால் பக்கம் சுருட்டிய, வெள்ளை பேஸ்ட். நீல நிற ஜெல்லைக் கொடுத்தால் முகம் சுளிப்பார்.

"அது பல்லுக்கு. வெள்ளைதான் புண்ணுக்கு."

இந்த மருத்துவ உண்மையை அவர் எங்கே கண்டுபிடித்தார் என்று யாருக்கும் தெரியாது. கேட்கவும் எவருக்கும் துணிச்சல் இல்லை.

பேப்பர்க் குழாய் உருட்டும் பெண்களுக்குக் கட்டைவிரலில் கொப்புளம் வருவது சகஜம். அது அண்ணாச்சி கண்ணில் பட்டுவிட்டால் தீர்ந்தது. "உள்ள சூடு கெடக்கு தாயி, அத வெளிய விடணும்ல" என்று சொல்லிக்கொண்டே ஊக்கால் குத்துவார். தண்ணீர் வெளியே வந்ததும் விட்டுவிட்டாலாவது பரவாயில்லை. மேல்தோலை ஓரம் வரைக்கும் சுத்தமாக உரிப்பார். சிவந்த சதையில் பேஸ்ட். பேஸ்ட் மேல் காப்பித்தூள். அதற்கு மேல் பேக்கிங் ஹாலில் கிடக்கும் லேபிள் பேப்பரால் ஒரு கட்டு. சீசன் நேரத்தில் பாதிப் பெண்கள் கட்டைவிரலில் பூச்சட்டி லேபிளோடு உட்கார்ந்து வேலை பார்ப்பார்கள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "நல்லாக் கேக்குது அண்ணாச்சி" என்று வேறு சொல்வார்கள். மருந்து ரூமுக்குள் உயிரை அவரை நம்பித்தானே விட்டிருக்கிறோம், தோலை நம்பி விட்டால் என்ன என்று நினைத்தார்களோ என்னவோ!

எங்கள் மேனேஜர் படித்தவர். அவரும் தப்பவில்லை. முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்குப் புது ஷூ வாங்கிப் போட்டார். மண்டபத்து வாசலை எட்டுவதற்குள் குதிகாலில் கொப்புளம் கிளம்பி உடைந்துவிட்டது. அண்ணாச்சி அங்கேயே, வாழைமரத்துக்குப் பின்னால் அவரை உட்கார வைத்து வைத்தியத்தை முடித்தார். மேனேஜர் வெறுங்காலோடு, ஒரு காலை நொண்டிக்கொண்டு, குதிகாலில் பேஸ்ட் வாசனை கமகமக்கப் பந்திக்குப் போனார். பக்கத்து இலைக்காரர் பாயசத்தில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று கேட்டாராம்.

பிறகு என் முறை. புதுச் செருப்பு, பின்னங்காலில் கொப்புளம், பஸ்ஸைப் பிடிக்க ஓடியதில் உடைந்துவிட்டது. அப்போது எனக்கும் விவரம் பத்தாது, காலை நீட்டிவிட்டேன். நாலாம் நாள் கால் வீங்கி, சீழ் கோத்து, சாத்தூரில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். கட்டைப் பிரித்த நர்சம்மா மூக்கைச் சுருக்கினார்.

"காப்பித்தூளா? பட்டாசு கம்பெனியா?"

"ஆமா."

"சட்டைப் பையில பேஸ்ட் வச்சிருப்பாகளே, அவுகளா?"

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இந்த மாசத்துல நீங்க நாலாவது ஆளு."

அந்த நர்சம்மா கால் மணி நேரம் என்னைத் திட்டிக்கொண்டே பாடம் எடுத்தார். உடைந்த கொப்புளத்தின் தோலை உரிக்கக் கூடாது. அதுதான் கீழே இருக்கும் புதுச் சதைக்குப் போர்வை. கையைக் கழுவிவிட்டு, நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டு மெதுவாகக் கழுவி, ஒற்றித் துடைத்து, தோலை இருந்த இடத்திலேயே படிய விட்டு, மேலே கொஞ்சம் வாசலின் தடவி, ஒட்டாத துணிக்கட்டுப் போட வேண்டும். தினமும் கட்டை மாற்ற வேண்டும், நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். சிவப்பு பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ டாக்டரிடம் ஓட வேண்டும். இவ்வளவுதான். இதில் காப்பித்தூளுக்கு எங்கேயும் இடமில்லை.

திரும்பி வந்து அண்ணாச்சியிடம் ஒப்பித்தேன். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நர்சம்மா புஸ்தகத்துல படிச்சிருக்கா. நான் ஒடம்புல படிச்சவன்."

"யார் ஒடம்புல அண்ணாச்சி?"

அடுத்த கட்டைவிரலைப் பார்க்கப் போய்விட்டார். அன்றிலிருந்து அவரை ஒரு நாள் எல்லார் முன்னாலும் மூக்கறுக்க வேண்டும் என்று காத்திருந்தேன். எனக்கு இரக்க சுபாவம் குறைவு.

பங்குனிப் பொங்கலுக்கு அண்ணாச்சி சொந்த ஊரான விருதுநகருக்குப் போய் அக்கினிச்சட்டி எடுப்பார். எரிகிற சட்டியை வேப்பிலை வைத்த வெறுங்கையில் ஏந்திக் கோயிலைச் சுற்ற வேண்டும். விரதம் சுத்தமாக இருந்தால் கை சுடாது, கொப்புளம் வந்தால் எங்கேயோ குற்றம் என்பது ஊர் நம்பிக்கை. வருஷா வருஷம் திரும்பி வந்ததும் பேக்கிங் ஹால் நடுவில் நின்று இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டுவார். "பாத்துக்கிருங்க, ஒரு பொட்டுக் கூட இல்ல!" பெண்கள் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு வருஷம் அவர் கையை விரிக்கவில்லை. டீத் தம்ளரை இடது கையால் பிடித்தார். வலது கை தோள் துண்டுக்குள்ளேயே இருந்தது. பக்கத்தில் போனால் பேஸ்ட் வாசனை தூக்கியடித்தது. எனக்கு அரை நொடியில் விளங்கிவிட்டது. அவர் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நழுவினார், நானும் நழுவினேன்.

உள்ளங்கையில் எலுமிச்சை அகலத்துக்குக் கொப்புளம், உடைந்து தோல் தொங்கிக்கொண்டிருந்தது. ஊரார் தோலைச் சரசரவென்று உரித்த மனிதர், தன் தோலின் நுனியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, உரிக்கத் தைரியமில்லாமல் உட்கார்ந்திருந்தார். பார்க்கப் பார்க்க எனக்கு அப்படி ஒரு ஆனந்தம்.

"அண்ணாச்சி! உள்ள சூடு கெடக்கு, வெளிய விடுங்க!"

துள்ளி எழுந்தார். "ஏ தாயி, சத்தம் போடாத. ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

"போடுவேன். எல்லாரையும் கூப்பிடப் போறேன். பெரிய விரதம்! பெரிய கை!"

"என்னய எம்புட்டு வேணாலும் பேசு. ஆனா அவுகளுக்குத் தெரியக் கூடாது." குரல் இறங்கிப் போயிருந்தது. "நான் எனக்காகவா சட்டி எடுக்கேன்? நம்ம மருந்து ரூம்ல ஒரு உசுரு போயிறக் கூடாதுன்னு நேந்துக்கிட்டது. ஒவ்வொரு ஆளு பேரையும் சொல்லிக்கிட்டுத்தான் நடப்பேன். கொப்புளம் வந்துருச்சுன்னு தெரிஞ்சா ஆத்தா கைய விட்டுட்டான்னு ஆயிரும். நாளைக்கு எவ தைரியமா உள்ள போவா? கை நடுங்கிக்கிட்டே மருந்தத் தொட்டா என்ன ஆகும்னு ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். அங்கே வேலை பார்த்த யாருக்கும் அது தெரியும்.

"என் பேரையுமா சொன்னீக?" என்று கேட்டேன்.

"ஒனக்கு வாய் ஜாஸ்தி. அதுக்காக விட்டுற முடியுமா?"

பேஸ்டைப் பிடுங்கித் தொட்டிக்கு அந்தப் பக்கம் வீசினேன். கையைக் கழுவினேன், அவர் கையையும் கழுவினேன். தொங்கிய தோலை அதன் இடத்தில் படிய வைத்து, கைப்பையிலிருந்த வாசலினைத் தடவிக் கட்டுப் போட்டேன். "காப்பித்தூளு?" என்று ஈனஸ்வரத்தில் கேட்டார். நான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். ஆறும் வரைக்கும் மருந்து ரூமுக்குள் கை வைக்கக் கூடாது, வாசலில் நின்று மேற்பார்வை மட்டும்தான் என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

கட்டோடு ஹாலுக்குள் வந்ததும் நாற்பது பெண்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். அண்ணாச்சி முகம் வெளிறிவிட்டது. நான் காத்திருந்த நிமிஷம் இதுதான்.

"கைதவறிக் கொதிக்கக் கொதிக்க டீயை அண்ணாச்சி கைல கொட்டிட்டேன்" என்றேன்.

அடேயப்பா, என்ன திட்டு!

"கண்ணு என்ன பொடதிலயா இருக்கு?"

"சட்டி ஏந்துன கைய இப்படிப் பாழாக்கிட்டியேடி!"

நெருப்பு சுடாத கையை ஒரு டைப்பிஸ்ட் சுட்டுவிட்டாள் என்று விஸ்வநத்தம் முழுக்கப் பேச்சு. மறுநாள் காலையில் எல்லாரும் வழக்கம்போல் மருந்து ரூமுக்குள் போனார்கள்.

தினமும் தொட்டிக்குப் பின்னால் கட்டு மாற்றினேன், தினமும் திட்டினேன். பத்து நாளில் புதுத்தோல் மூடி, கை பளிச்சென்று ஆகிவிட்டது. அன்றைக்கு அந்த நன்றிகெட்ட மனிதர் என்ன செய்தார் தெரியுமா? ஹால் நடுவில் நின்று கையை விரித்துக் காட்டினார்.

"பாத்துக்கிருங்க! டீ கொட்டுன காயம், பத்தே நாள்ல ஆறிருச்சு. எல்லாம் பேஸ்ட் மகிமை!"

சட்டைப் பையில் புது பேஸ்ட் எட்டிப் பார்த்தது. அவர் மட்டும் என் பக்கம் திரும்பவே இல்லை.

நான் அந்த வேலையை விட்டு வெகுகாலமாகிறது. கம்பெனிப் பெண்கள் யாராவது கல்யாண வீடுகளில் எதிர்ப்பட்டால், இன்றும் என்னைக் கண்டதும் டீத் தம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்துக்கொள்கிறார்கள். நிஜத்தைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் பங்குனி வந்தால் அந்த மூட மனிதர் என் பேரையும் சொல்லிக்கொண்டு நெருப்போடு நடந்தது ஞாபகம் வந்துவிடுகிறது. கொட்டியது நான்தான் என்றே சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன்.