என்ன சாப்பிடலாம் ஐயா?

ஒரு காட்டில் வீரபாகு என்றொரு சிறுத்தையார் இருந்தார். பசி வந்தால் அவருக்கு முடிவெடுக்க வராது. மானா, பன்றியா என்று யோசிப்பார். பன்றி நேற்றுத்தானே என்பார். அவர் யோசித்து முடிப்பதற்குள் மானும் பன்றியும் தண்ணீர் குடித்துவிட்டு வீடு போய்ச் சேர்ந்திருக்கும். அந்தக் காட்டில் பாதிப் பேர் உயிரோடு இருந்தது அதனால்தான்.

அதே காட்டில் குணாளன் என்ற முயல், ஆன்லைனில் வெப் ஆப் செய்யப் படித்துக்கொண்டிருந்தான். யாருடைய அன்றாடப் பிரச்சினையையாவது தீர்த்து வைத்தால்தான் சான்றிதழ் என்று கடைசிப் பாடத்தில் சொல்லிவிட்டார்கள். தேடிப் பார்த்ததில், அன்றாடம் பிரச்சினை உள்ளவர் சிறுத்தையார் ஒருவர்தான். பட்டனைத் தட்டினால் என்ன சாப்பிடலாம் என்று சொல்லும் ஆப் ஒன்றைச் செய்ய உட்கார்ந்தான். படித்தவனுக்குக் கை சும்மா இருக்காதே.

பக்கத்துப் புதரிலிருந்து அதைப் பார்த்த மான் அமுதவல்லி ஓடி வந்தாள்.

"அவரு முடிவெடுக்காம இருக்கிறதாலதான்டா நாம இருக்கோம்."

குணாளன் சிரித்தான். ஆப்புக்குள் கோரைப்புல், கிழங்கு, முள்ளங்கி மட்டும்தான் போட்டிருப்பதாகவும், ஒரே மாதத்தில் சிறுத்தையார் சுத்த சைவமாகிவிடுவார் என்றும் அவளுக்கு விளக்கினான்.

உண்மையில் அவன் போட்டது இன்னொன்றும் உண்டு. பட்டன் வேலை செய்கிறதா என்று பார்க்க, புதிதாகக் கற்ற எல்லாரையும்போல, முதலில் தன் பெயரைத்தான் அடித்துப் பார்த்தான். திரையில் தன் பெயர் வந்ததும் துள்ளிக் குதித்தான். குதித்த குதியில் அதை அழிக்க மறந்துபோனான்.

திறப்பு விழாவுக்குக் காடே வந்தது. சிறுத்தையார் பட்டனைத் தட்டினார். கோரைப்புல் என்று வந்தது. முகத்தைச் சுளித்து மறுபடி தட்டினார். குணாளன் என்று வந்தது.

"இது நல்லாருக்கே," என்றார்.

குணாளன் இரண்டடி பின்னால் நகர்ந்தான். "ஐயா, அது டெஸ்டுக்குப் போட்டது."

"டெஸ்ட் பண்ணிருவோம்," என்று நெருங்கினார் சிறுத்தையார். வாழ்க்கையில் முதல் தடவையாக முடிவெடுத்த சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது.

"தாராளமா சாப்பிடுங்க. ஆனா நாளைக்கும் இதுல புல்லும் கிழங்கும் என் பேரும்தான் வரும். அப்ப மாத்த நான் இருக்க மாட்டேனே ஐயா?"

சிறுத்தையார் நின்றார். குணாளன் விடவில்லை. அடுத்த பதிப்பில் யார் கொழுத்தவர், யார் பக்கத்தில் இருக்கிறார் என்பதெல்லாம் வரும் என்றான். எப்போது வரும் என்று அவர் கேட்டார்.

"முடிஞ்சிருச்சுங்க. கொஞ்சம்தான் பாக்கி."

இன்றைக்கும் கொஞ்சம்தான் பாக்கி. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது, கீழே 'சற்றுப் பொறுக்கவும்' என்று இருக்கிறது. சிறுத்தையார் எலும்பும் தோலுமாக அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் கண்ணெதிரே அமுதவல்லி குட்டிகளோடு மேய்கிறாள். வேலை தடைபடக் கூடாதென்று தினமும் காலையில் அவரே முள்ளங்கி பிடுங்கி வந்து குணாளனுக்கு ஊட்டுகிறார்.

நீதி: வேலையை முடித்துக் கொடுத்தவனைச் சாப்பிட்டுவிடுவார்கள், முடிக்காதவனுக்குச் சாப்பாடு போடுவார்கள்.