ஐந்தாவது புள்ளி

ஐந்தாவது புள்ளி மறுபடியும் வந்துவிட்டது. எக்ஸ்ரே பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபடி அனந்தராமன் நகத்தைக் கடித்தான்.

மனித ரத்த அணுவுக்குள் இருக்கும் தூது ஆர்.என்.ஏ.வில் மெத்தில் என்கிற சிறு ரசாயன ஒட்டுகளைத் தேடிப் பிடிப்பதுதான் ஐந்து வருடமாக அவன் பிழைப்பு. ஒட்டு ஒவ்வொன்றும் எக்ஸ்ரே பிலிமில் ஒரு கறுப்புப் புள்ளியாக விழும். வெளிநாட்டுக்காரர்களுக்கெல்லாம் நாலு புள்ளி. இவனுக்கு மட்டும் ஐந்து. 1983 மார்ச்சுக்குள் ஆய்வேடு போகாவிட்டால், பசுமலை ஆராய்ச்சிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு மாமனாரின் அப்பளக் கம்பெனியில் உட்கார வேண்டியதுதான். அதை நினைத்தாலே அவனுக்கு அழுகை வந்தது.

"கெமிக்கல்ல அழுக்கு இருக்கும்டா" என்றார் பேராசிரியர் ஹாலாஸ்யம்.

கெமிக்கலை மாற்றினான். புள்ளி முன்னைவிடக் கறுப்பாக வந்தது. கண்ணாடிக் குழாய்களை ஓவனில் போட்டுச் சுட்டான். பாதிக் குழாய் வெடித்தது; புள்ளி மட்டும் சுகமாக இருந்தது.

"யாரோட ரத்தம்டா அது?"

ரத்தம் கொண்டுவருவது அட்டெண்டர் கருத்தக்கண்ணன். சொந்த ஊரான கீழக்குயில்குடியில் கம்பவுண்டரை வைத்து எடுத்து, ஐஸ் பெட்டியில் சைக்கிளில் கொண்டுவருவதாக ஏற்பாடு.

"எங்க மச்சினன் ரத்தம் சார். ஒரு தும்மல் கூட போட மாட்டான்."

"ஒருத்தர் போதாது. பன்னெண்டு பேரோடது வேணும்" என்றான் அனந்தராமன்.

"அம்புட்டுப் பேரா?" கருத்தக்கண்ணன் முகம் சுண்டிவிட்டது.

ஆனாலும் மறுநாளே பன்னிரண்டு குழாய் வந்தது, பேர் ஒட்டி: தவசி, விருமாண்டி, பேயாண்டி... பன்னிரண்டிலும் ஐந்தாவது புள்ளி.

ஹாலாஸ்யத்துக்கு ஆவேசம் வந்துவிட்டது. "அழுக்கு இல்லடா, கண்டுபிடிப்பு! மனுஷ ஜாதிக்கே இருக்கற ஒட்டு. உலகமே கோட்டை விட்டிருக்கு!"

வெளிநாட்டுப் பத்திரிகைக்குக் கட்டுரை போயிற்று. டெல்லிக்குத் தந்தி பறந்தது. அங்கிருந்து மூன்று பெரிய மனிதர்கள் விமானத்தில் வந்து இறங்கி, எங்கள் கண்ணெதிரே புது ரத்தத்தில் செய்து காட்டு என்று நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

மணி பத்து. பதினொன்று. கருத்தக்கண்ணனைக் காணோம். அனந்தராமன் வாசலுக்கும் மேசைக்குமாக நடந்து நடந்து செருப்பு வாரை அறுத்துக்கொண்டான். ஹாலாஸ்யம் விருந்தாளிகளுக்கு மூன்றாம் முறையாகக் காபி வரவழைத்தார்.

ஒருவழியாக ஐஸ் பெட்டி வந்தது. தூக்கி வந்தவள் கருத்தக்கண்ணனின் மனைவி செல்லக்கிளி. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

"அவருக்குக் காய்ச்சலு சார், அதான் நானே கோரிப்பாளையம் கறிக்கடைக்குப் போயிட்டு வாரேன். இன்னைக்கு வெள்ளாடு அறுக்கலையாம், செம்மறி ரத்தந்தான் இருந்துச்சு. பரவால்லையா?"