ஆட்சேபணையார் வீட்டு விண்ணப்பம்

ஒரு விண்ணப்பத்தை எப்படிச் சாகடிப்பது என்று ஆட்சேபணையாருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இருபத்தாறு வருடத் தலைமை எழுத்தர். முடியாது என்று அவர் யாரிடமும் சொன்னதே கிடையாது. "எல்லாம் சரி, ஒரே ஒரு சின்னக் குறை" என்பார். அந்தச் சின்னக் குறையைச் சரிசெய்து கொண்டுவருவதற்குள் ஆளுக்குத் தலை நரைத்துவிடும். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்ற இடமெல்லாம் ஆட்சேபணையார்தான்.

அப்பேர்ப்பட்டவர் முன்னால் ஒருநாள் காலை, அவர் மனைவியே ஒரு விண்ணப்பத்தைக் கொண்டுவந்து வைத்தாள். அவள் பன்னிரண்டு வருடமாக ஐசியூ நர்ஸ். வீட்டில் எதையும் ஒற்றையாக வைக்கமாட்டாள். டார்ச் இரண்டு, சாவிக்கொத்து இரண்டு, அவருடைய மூக்குக்கண்ணாடிகூட இரண்டு. கேட்டால், "எங்க வார்டுல ஒரு சிலிண்டர் ஓடிட்டிருந்தா பக்கத்துல இன்னொண்ணு ரெடியா நிக்கும்" என்பாள்.

"தீவிர சிகிச்சை நர்சிங்ல மேல்படிப்பு. ரெண்டு வருஷம். அங்கயே தங்கிப் படிக்கணும். போடட்டுமாங்க?"

"எவ்வளவு தூரம்?"

"ரயில்ல நாலு மணி நேரம்."

"தாராளமா போடு! ரொம்ப சந்தோஷம்!"

வாய் சொல்லிவிட்டது. மனசு கையெழுத்துப் போடவில்லை. டூட்டி முடித்து வந்து அவள் செருப்பைக் கழற்றும் சத்தம் காதில் விழுந்தால்தான் அவருக்குச் சோறே இறங்கும். அவள் இல்லாமல் இரண்டு வருடமா? நினைக்கவே பயமாக இருந்தது. அதற்காகப் போகாதே என்று சொல்லும் அளவுக்கு அவர் கெட்டவரும் இல்லை, தைரியசாலியும் இல்லை. தெரிந்த தொழிலையே செய்வது என்று முடிவெடுத்தார்.

"குடும்மா, ஒரு தடவை நான் பாத்துத் தரேன்."

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் நெஞ்சு ஏறி இறங்குவதையே சற்று நேரம் பார்த்தாள். நர்ஸ்களின் பழக்கம் அது. "சரிங்க" என்றாள்.

முதல் ஆட்சேபணை அன்றைக்கே பிறந்தது.

"போட்டோல காது தெரியல."

"படிக்கப்போறது நான். காது எதுக்குங்க?"

"பாடம் காதுலதானே விழணும்? ரூல்னா ரூல்."

காது தெரிந்தது. அடுத்தது அனுபவச் சான்றிதழ்.

"'சுமார் பன்னிரண்டு வருடம்'னு போட்டிருக்கு. சுமார்னு காலண்டர்ல ஒரு தேதி இருக்கா?"

ஆஸ்பத்திரி ஆபீசுக்கு மூன்று நடை நடந்து தேதியும் வாங்கி வந்தாள்.

"பள்ளிக்கூடத்துல உங்கப்பா இனிஷியல். நர்சிங் கவுன்சில்ல என் இனிஷியல். ரெண்டும் ஒரே ஆள்னு யாரு சொன்னா?"

"கட்டிக்கிட்டவர் நீங்க. உங்களுக்கே சந்தேகமா?"

"எனக்கில்லம்மா, ஃபைலுக்கு."

அவள் ஒவ்வொரு குறையையும் நேரம் போட்டுக் குட்டி நோட்டில் குறித்துக்கொண்டாள். ஒரு தடவைகூடக் கோபப்படவில்லை. இருபத்தாறு வருட அனுபவசாலி அதைக் கவனித்திருக்க வேண்டாமோ?

கடைசியாக ஒரு பக்கம் மிச்சம் இருந்தது. 'ஏன் இதைப் படிக்க விரும்புகிறீர்கள்?' சிவப்புப் பேனாவைத் திறந்துகொண்டு வாசித்தார். 'மூச்சுக்கருவியின் சத்தம் மாறினால் ஓடிப்போக எனக்குத் தெரியும். ஏன் மாறியது என்று முழுசாகத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒருவேளை சிலர் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.' பேனாவுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. இருந்தாலும் மனசு குரங்குதானே. "நானே தபால்ல சேத்துடறேன்" என்று வாங்கிப் போனவர், அலுவலக மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். பத்து நாள் அது அங்கேயே கிடந்தது.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி வரை. காலையில் அவள் அவர் சட்டையை இஸ்திரி போட்டு நீட்டினாள்.

"தபால் போட்டாச்சுல்ல?"

"ம்."

அலுவலகம் போய் இழுப்பறையைத் திறந்தார். 'சிலர் வீட்டுக்குப் போயிருப்பார்கள்' என்ற வரி அவரையே முறைத்தது. தன்மேலேயே வெறுப்பு வந்தது. உறையைப் பையில் திணித்துக்கொண்டு, லீவுக்குக்கூட எழுதித் தராமல், ரயிலடிக்கு ஓடினார்.

கல்லூரிக் கவுண்டரில் உறையை நீட்டியபோது மணி நாலு நாற்பது. அங்கிருந்த எழுத்தர் பெயரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது போன வாரமே வந்துடுச்சே சார். அம்மா நேர்லயே வந்து குடுத்தாங்க. ரெண்டு செட் ரெடி பண்ணாங்களாம்."

"ரெண்டு செட்டா!"

"பதினெட்டு வருஷமா இந்த சீட்ல இருக்கேன். குறையே இல்லாத விண்ணப்பம் இது ஒண்ணுதான் சார். ரெண்டு நாள் தேடிப் பாத்தேன், ஒண்ணுகூட சிக்கல. காது, தேதி, இனிஷியல், எல்லாம் கச்சிதம்! யாரு சார் சரிபாத்துக் குடுத்தது?"

ஆட்சேபணையார் நீட்டிய உறையை மறுபடி பைக்குள் திணித்தார். எழுத்தர் ஒரு நாற்காலியையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் நகர்த்தினார்.

"உக்காருங்க. கடைசி நாள் அஞ்சு மணிக்குள்ள ஒருத்தர் வேர்த்து விறுவிறுத்து ஓடி வருவார், முதல்ல தண்ணி குடுங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க."

வெளியே வந்து போன் போட்டார்.

"தண்ணி குடிச்சீங்களா?" என்றாள் எடுத்தவுடன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பன்னிரண்டு வருஷமா வாய்ல குழாயோட பேச முடியாம கிடக்கறவங்களத்தான் பாத்துக்கறேன். 'ரொம்ப சந்தோஷம்'னு நீங்க சொன்னப்ப மூச்சு எப்படி ஏறி இறங்குச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் எதுக்கும்மா எங்கிட்ட குடுத்த?"

"குறை கண்டுபிடிக்க உங்கள விட்டா ஊர்ல யாரு இருக்கா?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் வராமலே இருந்திருந்தா?"

"வருவீங்கன்னு தெரியும். ஊருக்குப் போற மனுஷன் கசங்கின சட்டையோடயா போறதுன்னுதான் இஸ்திரி போட்டேன். சனிக்கிழமை சனிக்கிழமை நானும் வந்துடுவேங்க, பயப்படாதீங்க."

"சரிம்மா" என்றார். நெஞ்சு நிஜமாகவே லேசாகிவிட்டது.

"இன்னொண்ணுங்க. இடம் கிடைச்சா நான் தங்கப்போற ஹாஸ்டல் அந்தக் காலேஜுக்குப் பின்னாடிதான். வார்டன்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். போய்ப் பாத்து ஒரு குறை விடாம எழுதிட்டு வாங்க. உங்க சிவப்புப் பேனா பை சைடு ஜிப்புல இருக்கு. ரெண்டு வெச்சிருக்கேன்."